கட்டணம் கேட்டோம், சம்பளம் கேட்டோமா?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் இடலாக்குடியிலிருந்து ஒரு சகோதரர் நமது அலுவலகத்துக்கு வந்தார். கோட்டாறு கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்பவர். கையில் இரண்டு வண்ண விளம்பரப் புத்தகங்கள். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். ஒரு புத்தகம் நம் மாவட்டத்திலேயே உள்ள கல்லூரியுடையது. இன்னொன்று பெங்களூர்க் கல்லூரி; ஏஜெண்ட் ஒருவர் வீடு தேடி வந்து கொடுத்தது. "முதல் வருஷ பீஸ் பெங்களூர்லதான் கம்மி. அங்கேயே சேர்த்திரலாமா?" என்றார். ஏஜெண்டிடம் 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டாராம்!

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "இந்த இரண்டு கல்லூரிகளிலும் போன வருடம் படித்து முடித்த பிள்ளைகள் இன்று எங்கே வேலை பார்க்கிறார்கள்? மாதம் என்ன வாங்குகிறார்கள்?"

அவரிடம் பதில் இல்லை. இரண்டு விளம்பரப் புத்தகங்களிலும் பதில் இல்லை. கட்டடத்தின் படம் இருந்தது, பேருந்தின் படம் இருந்தது, சிரித்துக்கொண்டு நிற்கும் மாணவிகளின் படம் இருந்தது. "100 சதவீத வேலைவாய்ப்பு" என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது.

ஒரு மூட்டை அரிசி கொள்முதல் செய்யும்போது அதே சகோதரர் எத்தனை கேள்வி கேட்பார்! மணியைக் கையில் அள்ளிப் பார்ப்பார். எடை, வண்டிக் கூலி, கடன் எத்தனை நாள், நம் ஊரில் என்ன விலைக்குப் போகும் என்று எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார். நான்கு ஆண்டுகளையும் பல லட்சங்களையும் மகளின் எதிர்காலத்தையும் போடுகிற இடத்தில் "முதல் வருஷ பீஸ்" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். இது அவர் ஒருவருடைய தவறு அல்ல. வாப்பா, உம்மா, மாமா, பள்ளி ஆசிரியர் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறோம்.

நம் மாவட்டத்துக்கு நர்சிங் புதிதல்ல. 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறும் முயற்சிகளில் 1922இலும் 1924இலும் பங்கெடுத்த டாக்டர் சோமர்வெல் நெடுங்காலம் அறுவை சிகிச்சை செய்தது அந்த நெய்யூரில்தான். நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் மருத்துவமனையும் நூறாண்டு தாண்டியது. இந்த மருத்துவமனைகளைச் சுற்றியிருந்த கிறிஸ்தவக் குடும்பங்களில் எத்தனையோ வீடுகள் ஒரு நர்ஸ் மகளின் சம்பளத்தில் ஓட்டு வீடானது. தம்பி, தங்கைகள் படித்தார்கள். நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? "ராத்திரி வேலை, ஆம்பளை வார்டு, நமக்குச் சரிப்படாது" என்று பேசிக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க மட்டும் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்டோம்! அகழ்ப் போரில் காயம்பட்ட சஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்து மருத்துவப் பணி செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாற்றை மேடையில் சொல்வோம், மகளை அனுப்பமாட்டோம்.

அந்தத் தயக்கம் இப்போது மெல்லக் குறைகிறது, அல்ஹம்துலில்லாஹ். தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று எல்லா ஜமாஅத்துகளிலிருந்தும் பிள்ளைகள் நர்சிங் படிக்கக் கிளம்புகிறார்கள். ஆனால் தயக்கம் போன இடத்தில் ஏஜெண்ட் வந்து உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் படிப்புகளைப் பிரித்துப் பார்ப்போம். ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ மூன்று ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. ஜி.என்.எம். முடித்தவர் மேலும் இரண்டு ஆண்டு படித்தால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. வாங்கலாம். இவற்றை முறைப்படி முடித்தவர்கள்தான் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். அந்தப் பதிவு எண் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் நர்ஸ் அல்ல.

"ஓராண்டு நர்சிங்", "ஆறு மாத நர்சிங் அசிஸ்டெண்ட்" என்று மாடிப்படி ஓரத்துப் பலகைகளில் எழுதியிருக்கிறதே, அவற்றைப் படித்து இந்தப் பதிவை வாங்க முடியாது. வெள்ளை உடுப்பு தருவார்கள், பட்டமளிப்பு விழாவும் நடத்துவார்கள். அரசுத் தேர்வு எழுத முடியாது. வெளிநாட்டு உரிமமும் கிடைக்காது. கட்டணம் நாற்பதாயிரம்தானே என்று ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் அங்கே போகிறார்கள். வாழ்நாள் முழுவதும் உதவியாளர் சம்பளத்தில் நிற்கப் போகிற படிப்புக்கு நாற்பதாயிரம் என்பது குறைந்த கட்டணமா?

இனி கணக்குக்கு வருவோம். எந்தக் கல்லூரியையும் குறித்துச் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு பெண் வெளியூரில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, சீருடை, தேர்வுக் கட்டணம், ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். நான்கு ஆண்டில் ஆறு லட்சம். முடித்ததும் நகரத்துத் தனியார் மருத்துவமனையில் மாதம் 15,000 சம்பளம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 7,000 போனால் மிச்சம் 8,000. போட்ட பணத்தை எடுக்க ஆறே கால் ஆண்டு ஆகும்.

இன்னொரு பெண் வீட்டிலிருந்தே போய் ஜி.என்.எம். படிக்கிறாள். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000. மூன்று ஆண்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஊரிலேயே 13,000 சம்பளம். பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் 2,000. மாதம் 11,000 மிச்சம். பத்தொன்பது மாதத்தில் போட்டது திரும்பிவிடும். ஓராண்டு முன்னதாகவே சம்பாதிக்கவும் தொடங்கிவிடுகிறாள்.

அப்படியானால் ஜி.என்.எம்.தான் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டெல்லி எய்ம்ஸ் முதலிய மத்திய நிறுவனங்களுக்காக 2020 முதல் நார்செட் என்ற பொதுத் தேர்வு நடக்கிறது. பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் அனுபவம் இல்லாமலே அதை எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். தேறியவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், படிகள் தனி. (பையன்களும் எழுதலாம். ஆனால் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கட்டும்.) பத்தாண்டுக் கணக்குப் போட்டால் பட்டம் முந்திவிடக்கூடும். ஆகவே முதல் மாதச் சம்பளத்தையும் பார்க்க வேண்டும், ஐந்தாம் ஆண்டில் அந்தப் பெண் எங்கே நிற்பாள் என்பதையும் பார்க்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. இடம் கிடைத்தால் இந்த இரண்டு கணக்கையும் அது அடித்துவிடும். அதை ஏஜெண்ட் சொல்லமாட்டார். அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

தமிழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கிக் கலந்தாய்வு நடத்துகிறது. 2007இல் போராடிப் பெற்ற 3.5 சதவீத முஸ்லிம் இடஒதுக்கீடு இதிலும் உண்டு. அரசுக் கல்லூரியில் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களிலும் உண்டு. அதற்கு லெப்பை, தக்கனி, ஷேக், சையத் என்று உரிய பிரிவைக் குறித்த சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் கடைசி நாளில் தாலுகா அலுவலக வாசலில் நிற்கிற வாப்பாமார்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதற்குள் ஏஜெண்டின் கார் பெங்களூர் போய்விடுகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதையும் கேட்டுப் பெறாமல் விடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

அரசு நர்சிங் கல்லூரிகளே குறைவு என்ற குறை நியாயமானது. 2014க்குப் பின் தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகள் தொடங்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் தமிழகத்துக்கு 11. ஆசாரிபள்ளத்தில் உள்ள நம் அரசு மருத்துவக் கல்லூரி 2001லேயே தொடங்கிவிட்டதால் அந்தக் கணக்கில் வராது. முன்னால் வந்தவன் பந்தியில் பின்னால் போன கதை! மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் இதைக் கேட்க வேண்டாமா?

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் வகுப்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்க்க வேண்டியது வார்டை. 100 படுக்கைக்குக் குறையாத சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்த விதி. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போய் நோயாளி இருக்கிறாரா என்று பாருங்கள். படுக்கை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தால் உங்கள் மகள் அங்கே எதைக் கற்கப் போகிறாள்? இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. மாணவிகளையே சம்பளமில்லாத வேலையாட்களாக இரவும் பகலும் வார்டில் ஓட விடுவார்கள். சொல்லிக் கொடுக்க ஆசிரியை இருக்கமாட்டார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியாக அழைத்து ஐந்து நிமிடம் பேசினால் உண்மை வந்துவிடும். தலையில் துணி போட அனுமதி உண்டா, தொழுகைக்கு இடம் உண்டா என்பதையும் சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டியபின் போராட்டம் நடத்துவதைவிட இது எளிது.

மாநிலம் தாண்டிச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2017இல் கர்நாடக நர்சிங் கல்லூரிகள் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இடம்பெறாமல் போயின. அங்கீகாரம் தரும் அதிகாரம் மத்திய கவுன்சிலுக்கா மாநிலத்துக்கா என்று நடந்த வழக்கின் விளைவு அது. யானைகள் சண்டையில் மிதிபட்டது கேரளத்திலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் போய்ப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். சொந்த மாநிலத்தில் பதிவு கிடைக்குமா, வெளிநாடு போக முடியுமா என்று தெரியாமல் கலங்கினார்கள். எனவே வெளிமாநிலக் கல்லூரி என்றால், "இங்கே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை தமிழ்நாட்டு கவுன்சிலில் பதிவு செய்த சான்று ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவர் காரில் ஏறாதீர்கள்.

"100 சதவீத வேலைவாய்ப்பு" பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதன் பொருள், சொந்த மருத்துவமனையிலேயே பாண்டு எழுதி வாங்கிக்கொண்டு குறைந்த சம்பளத்தில் ஓராண்டோ இரண்டாண்டோ வேலை வாங்குவது. அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். 2011 அக்டோபரில் மும்பையில் இந்த பாண்டு கெடுபிடியில் சிக்கிய மலையாளி நர்ஸ் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நாடெங்கும் நர்சுகள் வீதிக்கு வந்தார்கள். உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டபின் மத்திய அரசு அமைத்த குழு சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்குச் சமமாகத் தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் 10 சதவீதமும், 50 முதல் 100 என்றால் 25 சதவீதமும் மட்டுமே குறையலாம். எவ்வளவு சிறிய மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது. பக்கத்துக் கேரளத்தில் நர்சுகள் சங்கமாகத் திரண்டு 2017இல் போராடினார்கள். 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் அறிவிக்கப்பட்டது. களியக்காவிளை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை!

தமிழக அரசே என்ன செய்தது? 2015இல் தேர்வு வைத்து ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. கொரோனா காலத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த ஒப்பந்த நர்சுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பியது. கைதட்டி விளக்கேற்றிய நாடு இது.

"துபாய், சவுதி போனால் சம்பாதித்துவிடலாம்" என்பது நம் வீடுகளின் ஆறுதல். உண்மைதான்; ஆனால் அதற்கும் செலவு உண்டு. வளைகுடா நாடுகள் பொதுவாக இரண்டாண்டு அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு எல்லாம் கேட்கின்றன. இங்கிலாந்து என்றால் ஆங்கிலத் தேர்வு. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழி. படிக்கும் காலத்திலேயே இதற்கெல்லாம் பயிற்சி தருகிற கல்லூரிக்குக் கொஞ்சம் கட்டணம் கூடினாலும் நஷ்டமில்லை. ஏஜெண்டுக்குக் கொடுப்பதுதான் நஷ்டம். 2015இல் கொச்சியில், குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் இருபது லட்சம் வரை கறந்ததாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அந்த ஆண்டுதான் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. தமிழகத்தில் அதற்கான நிறுவனம், 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். சென்னையில் இருக்கிறது, நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்தில் சிக்கி மீண்ட 46 நர்சுகளில் ஒருவர் தூத்துக்குடிப் பெண், மற்றவர்கள் கேரளத்தவர். குண்டு வெடிக்கிற இடத்திலிருந்து திரும்பி வரவே அவர்களில் பலர் தயங்கினார்கள். காரணம், ஊரில் இருந்த படிப்புக் கடன். படிப்புச் செலவைத் தவறாகக் கணக்குப் போட்டால் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் சமுதாயத்தில் இது இன்னும் கூர்மையான கேள்வி. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கல்விக் கடனை நம்மில் பலர் தொடுவதில்லை. அதனால் உம்மாவின் வளையல் போகிறது, கல்ஃபில் இருக்கும் அண்ணனின் சேமிப்பு போகிறது, சில வீடுகளில் அடுத்த தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததும் போகிறது. வங்கிக் கடனுக்குத் தவணை நாள் உண்டு. இந்தக் கடனுக்குத் தவணை நாள் இல்லை. வீட்டுக்குள்ளேயே சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 2015 முதல் அரசின் கல்வித்துறையே 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று ஒன்றை நடத்துகிறது. எந்தக் கல்லூரி, சராசரியாக என்ன செலவு, படித்தவர்கள் சில ஆண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள் என்று யாரும் பார்க்கலாம். சம்பளத்தைக் கல்லூரியிடம் கேட்டு எழுதுவதில்லை. அரசாங்கத்தின் வரிக் கணக்கிலிருந்தே எடுக்கிறார்கள். நம் நாட்டில் 2016 முதல் மத்திய அரசு கல்லூரித் தரவரிசை வெளியிடுகிறது. பொறியியல், மேலாண்மை, மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் எல்லாம் உண்டு. 2025 பட்டியல் வரை நர்சிங்குக்குத் தனி வரிசை இல்லை. ஏழை, நடுத்தர வீட்டுப் பெண்கள் இவ்வளவு பேர் சேருகிற ஒரு படிப்பை எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை!

எனவே நமது கோரிக்கை இது. தமிழகத்தில் உள்ள ஒவ்வொரு நர்சிங் கல்லூரியும், பள்ளியும், விடுதி உட்பட மொத்தச் செலவு, கடைசி மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர், முடித்தவர், பதிவு பெற்றவர் எண்ணிக்கை, வேலைக்குப் போனவர்களின் சராசரிச் சம்பளம் ஆகியவற்றை விண்ணப்பப் படிவத்தோடு அச்சிட்டுத் தர வேண்டும் என்று மாநில அரசு உத்தரவிட வேண்டும். பொய்யான எண் கொடுத்தால் அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிறுத்த வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஜமாஅத்திலும் கல்யாணத்துக்கும் மையத்துக்கும் பதிவேடு இருக்கிறது. அதோடு இன்னொரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நம் மஹல்லாவில் நர்சிங் படித்த பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தாள், மொத்தம் எவ்வளவு ஆயிற்று, இன்று எங்கே என்ன சம்பளம் என்று நான்கு கட்டம் போதும். பெயர் எழுத வேண்டாம். பெண் பிள்ளைகள் விஷயம். குமரி மாவட்ட ஜமாஅத்துகள் இதைச் சேர்த்து வைத்தால் இரண்டே ஆண்டில் எந்த ஏஜெண்டிடமும் இல்லாத கணக்கு நம் கையில் இருக்கும். பைத்துல்மாலிலிருந்தும் ஜகாத் நிதியிலிருந்தும் கல்வி உதவி கொடுப்பவர்களும் அந்த நோட்டைப் பார்த்தபின் கொடுக்கலாம். நமது கிளை இளைஞர்கள் கோட்டாறு, இடலாக்குடி, இளங்கடைப் பகுதிகளில் இந்த வேலையைத் தொடங்க முன்வந்திருக்கிறார்கள். மற்ற ஊர்ச் சகோதரர்கள் அலுவலகத்துக்கு எழுதினால் படிவத்தை அனுப்பி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம்மைப் பார்க்க வந்த அந்தச் சகோதரரின் மகள் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து இப்போது முதலாண்டு படிக்கிறாள். ஏஜெண்டிடம் கொடுத்த 25,000 ரூபாயில் இதுவரை 10,000 திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு அவர் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.